நாலு விரற்கடை

மெட்ரோ ரயிலில் மேலே தொங்குகிற கைப்பிடியைப் பிடிப்பதற்காக நான் குதிகால்களைத் தூக்கி நின்றுகொண்டிருந்தேன். கொல்கத்தாவுக்குக் குடிவந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. டாலிகஞ்ச் தாண்டி ரயில் தரைக்கு மேலே வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. மதுரையில் இருக்கும் அம்மாவிடம், சாப்பிட்டேன், புதுக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

"குதிங்கால் நோவும். இங்கன வந்து இந்தக் கம்பியப் பிடிச்சுக்கோங்க."

தமிழில் யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். வங்காளத்துப் பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, நாற்பதைத் தாண்டிய வயது. அந்தப் பெட்டியிலிருந்த பாதி ஆண்களைவிட உயரமான பெண். நான் நகர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க கையத் தூக்குனா எம்புட்டு ஒசரம் வருதுன்னு ஒருக்கா அளந்துக்கிடட்டா?"

சரி என்று தலையை ஆட்டினேன். பையிலிருந்து தையல்காரர்கள் கழுத்தில் போட்டிருக்கும் மஞ்சள் நாடா ஒன்று வெளியே வந்தது. ஒரு நுனியை என் செருப்பால் மிதித்துக்கொள்ளச் சொல்லி, மறு நுனியை என் விரல் வரைக்கும் இழுத்துப் பார்த்து, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் யாரையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இந்தக் கைப்பிடி அஞ்சே முக்காலடி ஆம்பளைக்குத் தொங்கவிட்டது. நம்ம பிள்ளைகளெல்லாம் தொங்கிட்டே ஆபீஸ் போகுது" என்றார்.

நான் இறங்கிய நிலையத்தில் அவரும் இறங்கினார். நான் ஏறிய ஆட்டோவில் அவரும் ஏறினார். கல்லூரி வாசலில்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அதே கல்லூரி, அதே இயந்திரவியல் துறை. அவர் அங்கே எட்டு வருடமாக வேலை பார்க்கிறார். நான் அன்றைக்குத்தான் ஒப்பந்த ஆசிரியராகச் சேருகிறேன்.

"மேடம் எல்லாம் வேண்டாம். அக்கான்னு கூப்பிடு. இங்க என்னை அப்படிக் கூப்பிட ஒரு ஆளும் இல்ல" என்றார். 'நீங்க' என்பது அன்றைக்கே 'நீ' ஆகிவிட்டது.

என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. தமிழ் மளிகைக் கடைகள் இருக்கிறதே என்று லேக் மார்க்கெட் பக்கத்தில் வீடு பிடித்திருந்தோம். அக்காவின் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். அதனால் காலையிலும் மாலையிலும் ஒரே ரயில். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோ நின்றோ போய்வந்திருக்கிறேன். அத்தனை நாளில் அவரைப் பற்றி எனக்குத் தெரியவந்தது கொஞ்சம்தான். தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பாவுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்து, ஆறு வயதில் வந்தவர். கல்யாணம் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அவர் பேசியதெல்லாம் மற்றவர்களுடைய முதுகு, முட்டி, மணிக்கட்டு பற்றித்தான்.

யாரைப் பார்த்தாலும் அவர் கண்ணில் முதலில் படுவது அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்பது. கல்லூரி அலுவலகத்தில் ஒரு வயதான கிளார்க் இருந்தார். அவர் கம்ப்யூட்டர் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்வார். போட்டிருந்தது இரட்டைக் கண்ணாடி, மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி கிட்டத்துக்கு. அக்கா ஒரு நாள் போய், கேட்காமல் எதையும் தொடுகிற பழக்கம் இல்லாததால் அனுமதி கேட்டுவிட்டு, திரைக்குக் கீழே அடுக்கியிருந்த மூன்று பழைய பதிவேடுகளை உருவி எடுத்தார். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து அந்தக் கிளார்க் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, பத்து வருடக் கழுத்து வலி போய்விட்டது என்று சொன்னார். அக்காவுக்கு முகமெல்லாம் வெட்கம். "நான் என்ன செஞ்சேன், புத்தகத்த எடுத்தேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் பேப்பர் திருத்தக் குனிந்துகொண்டார்.

"ஏக்டு மாப்போ?" என்பார் வங்காளத்தில். கொஞ்சம் அளக்கட்டுமா என்று அர்த்தம். ரிக்‌ஷாக்காரர், பூக்காரி, வங்கியில் பணம் எண்ணுகிற பெண், எல்லாரிடமும் இந்த ஒரே கேள்வி. முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். சிலர் திட்டுவார்கள். திட்டினால் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஃபித்தே மேடம்'. நாடா மேடம். அவருக்கும் அது தெரியும்.

மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற ஒரு அம்மாள் உண்டு. தரையில் நிற்கும் அரிவாள்மணைக்கு முன்னால் சாக்கை விரித்து நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் கையைப் பிடித்துத் தூக்கவேண்டும். அக்கா அவருடைய முட்டி உயரம், இடுப்பு, கை நீட்டம் எல்லாம் அளந்து, கல்லூரிப் பட்டறையில் தாழ்வான மரப்பலகை ஒன்று செய்தார். முன்பக்கம் லேசாகச் சரிந்த, மூலைகளை உருட்டிவிட்ட நல்ல பலகை. கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் இருந்தேன். அந்த அம்மாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு போனால் அவர் பழையபடி சாக்கில் உட்கார்ந்திருந்தார். பலகைமேல் தராசு இருந்தது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கா அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து ஏன் என்று கேட்டார். பலகையில் உட்கார்ந்தால் அரிவாளின் நுனி சரியாக வயிற்றுக்கு நேராக வருகிறது, பெரிய மீனை இழுக்கும்போது பயமாக இருக்கிறது என்றார் அவர். தராசுக்கு நல்ல உயரம் என்றும் சேர்த்துச் சொன்னார். அக்கா அங்கேயே நோட்டை எடுத்து எழுதினார். திரும்பி வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தார்.

"நான் அவ உடம்ப அளந்தேன், அவ வேலைய அளக்கல பாத்தியா? இத நாளைக்கு வகுப்புல சொல்லணும்."

தன் தப்பை இவ்வளவு ஆசையாக வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் எடுத்த பாடம் எர்கோனாமிக்ஸ், உடம்புக்கும் வேலைக்கும் பொருத்தமாகப் பொருள்களைச் செய்கிற கலை. விருப்பப் பாடம்தான். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று பத்துப் பதினைந்து பேர் சேருவார்கள். ஒருமுறை ஆறடிப் பையன்களையெல்லாம் முழங்காலில் நிற்கவைத்து, பட்டறையை அப்படியே சுற்றிவரச் சொன்னார். எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். பையன்கள் சிரித்துக்கொண்டே தவழ்ந்தார்கள். யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். துறைத்தலைவர் கூப்பிட்டுக் கண்டித்தார். அவர் வங்காளி, மோசமான மனிதர் இல்லை. நிர்வாகத்திடம் ஏச்சு வாங்கிவிட்டு எங்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்.

"மேடம், பாடத்திட்டத்தில் தவழ்வது இல்லையே" என்றார்.

"இருக்கவேண்டும், சார்" என்றார் அக்கா.

அந்தப் பையன்கள் கொண்டுவந்த குறிப்புகளில் ஒன்றுதான் லேத்தைப் பற்றியது. எங்கள் பட்டறையில் ஆறு லேத் இயந்திரங்கள். இரும்புத் தண்டைப் பிடித்துச் சுழற்றி உளியால் கடைகிற இயந்திரம். நாலு புதியவை. இரண்டு மட்டும் எங்கிருந்தோ வாங்கப்பட்ட பழைய வெளிநாட்டு இயந்திரங்கள். அந்த இரண்டிலும் அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் சுழலும் தலைக்குப் பின்னால், மேலே இருந்தது. முழங்காலில் நின்ற ஒருவனுக்கும் அது எட்டவில்லை.

மறுநாள் அக்கா இரண்டாம் வருட மாணவிகள் பதினோரு பேரை வரிசையாக அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கவைத்தார். இயந்திரம் ஓடவில்லை. ஒவ்வொருத்தியும் வேலை செய்கிற நிலையில் நின்று கையை நீட்டவேண்டும். நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டவள் நான். ஏழு பேருக்கு எட்டியது. நாலு பேருக்கு எட்டவில்லை. கடைசியாக வந்தவள் ரிங்கு. கேனிங் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலில் வந்து படிக்கிற பெண். அப்பா டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறார். அவளுடைய விரல் நுனிக்கும் பொத்தானுக்கும் நடுவே அக்கா தன் கையை வைத்துப் பார்த்தார்.

"நாலு விரற்கடை" என்றார் என்னிடம் தமிழில்.

துறைத்தலைவருக்குக் கடிதம் போனது. காலால் மிதித்து நிறுத்துகிற பிரேக் பொருத்தவேண்டும், அதுவரை இந்த இரண்டையும் ஓட்டவேண்டாம் என்று எழுதியிருந்தார். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது கடிதம் போனது. அதற்குள் மேலிடத்து ஆய்வுக் குழு வருகிற தேதி வந்துவிட்டது. ஆறு லேத்தும் ஓடுகிறது என்று காட்டினால்தான் வழக்கமான எண்ணிக்கையில் மாணவர்களைச் சேர்க்க அனுமதி கிடைக்கும். துறைத்தலைவர் படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தார். எல்லா இயந்திரங்களும் பாதுகாப்பானவை என்று ஒரு வரி. ஆய்வகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அக்கா, உடன் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான்.

அக்கா படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "துர்கா பூஜை லீவில் பிரேக் போட்டுவிடுவீர்கள்தானே, சார்?" என்று கேட்டார். கண்டிப்பாக என்றார் அவர். அக்கா கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். பள்ளிக்கூடம் போகிற என் மகளுக்கு ஸ்கேலும் காம்பஸும் உள்ள கணக்குப் பெட்டி வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்பதால் நான் மட்டும் போனேன். இரண்டாம் மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. காப்பி போடுகிறேன் என்றார். உதவலாமே என்று பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். அடுப்பு மேடை என் நெஞ்சுக்கு வந்தது. தம்ளர் அடுக்கியிருந்த தட்டு எனக்கு எட்டவே எட்டாது.

"அம்மா இருந்த வரைக்கும் மேடை தாழத்தான் இருந்துச்சு. அம்மா உன் ஒசரம்தான். அவ போனப்புறம் ஒரு வருஷம் குனிஞ்சேதான் சமைச்சேன். அப்புறம் கொத்தனாரக் கூப்பிட்டு ஒசத்திட்டேன்." பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ செத்தன்னைக்கு அழல. இத ஒசத்துன அன்னைக்குத்தான் அழுதேன்."

அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவரே வடிவமைத்துச் செய்தது. என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் கால் தரையில் படாமல் தொங்கியது. அதை அவர் பார்த்தார். சட்டென்று எழுந்து பழைய புத்தகக் கட்டு ஒன்றை இழுத்துவந்து என் காலடியில் வைத்தார். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அளவெடுக்கிறவர், தன் வீட்டில் ஒரு விருந்தாளிக்குக் கால் தொங்குவதைப் பார்த்துக் கூசிப்போய் நின்றார்.

"யாரும் வாரதில்ல. அதான் யோசிக்கல" என்றார்.

பேச்சை மாற்ற நான் காப்பி நன்றாக இருக்கிறது என்றேன். இன்னொரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னேன். போகவில்லை. மகளுக்குப் பரீட்சை, மாமியார் வந்திருந்தார், ஏதோ ஒன்று. கணக்குப் பெட்டியை வைத்து அவள் நிறைய நாள் விளையாடினாள்.

பூஜை விடுமுறைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது அது நடந்தது. நான் பட்டறையின் மறுகோடியில் இருந்தேன். அக்கா அன்றைக்கு விடைத்தாள் திருத்துகிற வேலையாக வேறு கல்லூரிக்குப் போயிருந்தார். முதலில் ஒரு சத்தம், துணி கிழிகிற மாதிரி. அப்புறம் அலறல். ரிங்குவின் காக்கிக் கோட்டுக் கை அந்தப் பழைய லேத் ஒன்றின் சுழலும் தண்டில் சிக்கியிருந்தது. கல்லூரி கொடுக்கிற கோட்டு எல்லாருக்கும் ஒரே அளவுதான். அவளுக்கு அதன் கை நீளமாக இருந்தது. மடித்து விட்டிருந்தாள், வேலை செய்யச் செய்ய அவிழ்ந்து இறங்கிவிட்டது. வலது கை உள்ளே இழுபட, இடது கையை அவள் பொத்தானை நோக்கி நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஓடினேன். எனக்கு முன்னால் ஆய்வக உதவியாளர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினார்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. மணிக்கட்டு நொறுங்கியது. வலது கையில் மூன்று விரல் மடங்காது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

விசாரணைக்குழு அமைத்தார்கள். கோட்டுக் கையை மடித்துவிடாமல் மாணவி கவனக்குறைவாக இருந்ததே காரணம் என்று ஒரு வாக்குமூலம் தயாராகி வந்தது. பட்டறையில் அந்த நேரம் இருந்தவர்கள் கையெழுத்துப் போடவேண்டும். அப்படி முடிவானால் விதிப்படி அவளைத் திரும்பப் பட்டறைக்குள் விடமாட்டார்கள். செய்முறைத் தேர்வு எழுதாமல் பட்டம் கிடையாது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு வம்பு? அடுத்த வருஷம் எனக்கு மாத்தல் வந்துரும். அதுவரைக்கும் பேசாம ஓட்டு" என்றார். அவர் மீது பழி போட்டுப் பயனில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். அந்த வாக்குமூலத்தில் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மதியம் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். முதல்வர், துறைத்தலைவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். அக்கா அந்த நோட்டோடு வந்தார்.

"கவனக்குறைவு அவளுடையது இல்லை. அந்தப் பொத்தான் அவளுக்கு எட்டாது. போன வருஷமே அளந்து பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்தே பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டேன்" என்றார் ஆங்கிலத்தில், நிதானமாக.

துறைத்தலைவர் முன்னால் குனிந்து வங்காளத்தில் மெதுவாகச் சொன்னார். "மேடம், எழுத்தில் கொடுக்கவேண்டாம். வாயால் சொன்னதோடு இருக்கட்டும்."

"எழுதித்தான் கொண்டுவந்திருக்கிறேன், சார்." தாளை மேசையில் வைத்தார்.

நிர்வாகத்து ஆள் ஆய்வுப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "இதில் இரண்டாவது கையெழுத்து ஒன்று இருக்கிறதே. இவருக்கும் தெரியுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அளந்தபோது நாடாவின் மறு நுனியைப் பிடித்திருந்த என் விரல்கள் மடியில் இருந்தன.

"அவர் புதிதாக வந்தவர். நான் போடச் சொன்னேன், போட்டார். அவருக்கு எதுவும் தெரியாது" என்றார் அக்கா.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலையும் ஒன்றாகத்தான் ரயிலேறினோம். கூட்டம் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. நாலு நிலையம் தாண்டியது.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"காலையில நீ கையெழுத்துப் போட்டத எனக்குக் காட்டினாங்க. சின்னப் பிள்ளைய வச்சிருக்க. தப்பா நெனைக்கல, விடு." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கப்போகும்போது எழுந்து நின்று சொன்னார். "அந்தப் பொண்ணப் போயி ஒருக்கா பாத்துட்டு வா. நான் போனப்ப அவ அழுதா. நீ போ."

மறுநாளிலிருந்து அவர் வேறு ரயிலில் வந்தார். ஆய்வகப் பொறுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் அவர் உட்கார்ந்திருந்த மேசையைச் சுற்றி ஒரு இடைவெளி விழுந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, அருகில் போகவும் இல்லை. டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டார். அப்படி ஒதுங்கியவர்களில் நானும் ஒருத்திதான். எதிரில் போய் உட்கார என்னால் முடியவில்லை. ஒரு நாள் நடைவழியில் துறைத்தலைவர் என்னை நிறுத்தினார்.

"ஒருத்தர் மட்டும் சொன்னால் குற்ற உணர்ச்சியில் உளறுகிறார் என்று தள்ளிவிடுவார்கள். இன்னொருத்தரும் சொன்னால் தள்ளமுடியாது. உங்களுக்குச் சொல்லவேண்டும் போலத் தோன்றியது, சொன்னேன்." இவ்வளவு சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேனிங் போகும் லோக்கலில் ஏறினேன். தகரக் கூரை போட்ட வீடு. ரிங்கு வாசலில் உட்கார்ந்து இடது கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அ, ஆ எழுதப் பழகுகிற குழந்தையின் கோடுகள். அவள் அம்மா பொரியும் டீயும் கொண்டுவந்து வைத்தார். எதற்காக வந்தேன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. டீச்சர் வீடு தேடி வந்ததே பெரிய காரியம் என்பதுபோல உபசரித்தார்கள். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

கிளம்பும்போது ரிங்கு கேட்டாள். "நான் கோட்டுக் கையை மடித்துத்தான் விட்டிருந்தேன், மேம். எப்படி அவிழ்ந்தது என்று தெரியவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. என் தப்புதானா?"

ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கலாம். அவள் அம்மாவுக்குப் புரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில், அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "ஓர் தோஷ் நா. தோஷ் ஆமாதேர்." அவள் தப்பு இல்லை, தப்பு எங்களுடையது. அதற்குமேல் வார்த்தை தெரியவில்லை. அளந்ததையும் கையெழுத்தையும் ரிங்குவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து அழுகிற சத்தம் கேட்டது. ரிங்கு என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விடவில்லை. அது சரிதான்.

திங்கட்கிழமை நான் எழுதிக்கொடுத்தேன். முந்தைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன், அளந்தபோது நான் உடனிருந்தேன், எனக்கும் தெரியும் என்று. துறைத்தலைவர் வாங்கிப் படித்துவிட்டுத் தேதியும் முத்திரையும் போட்டு ஒரு நகலை என் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனேன். மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமையே ராஜினாமா கொடுத்துவிட்டார் என்றார் அந்தக் கிளார்க். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவில் வேறு பூட்டு. எதிர்வீட்டு வங்காளப் பெண்மணி வெளியே வந்தார். சனிக்கிழமை ஒரு சின்ன வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனாராம். எங்கே என்று சொல்லவில்லையாம்.

"நீங்கள் சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

"இல்லை. கூட வேலை பார்த்தவள்."

"நாங்கள் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. அவரைத் தேடி ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

ரிங்குவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மாணவியின் தவறு இல்லை என்று ஒரு வரி எழுதி விசாரணையை முடித்தார்கள். பூஜை விடுமுறையில் ஆறு லேத்திலும் கால் பிரேக் பொருத்தப்பட்டது. பெண்களுக்கு மூன்று அளவில் கோட்டு வந்தது. அடுத்த ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பாராட்டினார்களாம். என் ஒப்பந்தத்தை அந்த வருடத்தோடு முடித்துக்கொண்டார்கள். அதற்குள் கணவருக்கு மாற்றலும் வந்துவிட்டது.

இப்போது சென்னையில் இருக்கிறேன். அக்காவின் எண்ணுக்கு முதல் ஆறு மாதம் அடிக்கடி அடித்துப் பார்த்தேன். பிறகு அது வேறு யாரிடமோ போய்விட்டது. ஒரு இந்திக்கார இளைஞன் எடுத்தான். முகநூலில், வேறு கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களில் எல்லாம் தேடியிருக்கிறேன். தூத்துக்குடிக்கே போயிருப்பாரோ என்று நினைத்ததுண்டு. அங்கே அவருக்கு யாரும் இருப்பதாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் எழுதிக்கொடுத்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று சில நாள் தோன்றும். மற்ற நாள்களில் தெரியவேண்டும் என்றுதான் இருக்கிறது.

ரிங்குவிடம் கேட்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அக்கா அவளையாவது விடமாட்டார், எப்படியும் தொடர்பில் இருப்பார் என்று எனக்கொரு நம்பிக்கை. ஆனால் அந்தத் தகர வீட்டு வாசலுக்குப் பிறகு அவளோடு பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் அவளிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. என் எண்ணைத் துறையில் யாரிடமோ வாங்கியிருக்கிறாள். புனேயில் மருத்துவமனைக் கட்டில்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறதாம். நோயாளி யார் உதவியும் இல்லாமல் தானே சாய்ந்துகொள்கிற மாதிரி ஒரு நெம்புகோல் செய்திருக்கிறாளாம். அதன் படத்தையும் அனுப்பியிருந்தாள். ஒரு கையால், அதுவும் இரண்டே விரலால் இழுக்கிற நெம்புகோல்.

கீழே எழுதியிருந்தாள்: "இதை மேடத்துக்கு அனுப்பவேண்டும். இத்தனை வருடமாகத் தேடுகிறேன். உங்களோடு நிச்சயம் பேசிக்கொண்டிருப்பார். அவருடைய நம்பர் கொடுங்களேன், மேம்."